சாவைத் தடுக்கும் புரதத்தைத் தடுத்தால் என்ன ஆகும்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருடத்துக்கு முன் சி.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஆறு மாதம் கீமோ கொடுத்தார்கள், நன்றாகத்தான் இருந்தார். இப்போது திரும்ப வந்துவிட்டது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. வயிற்றுக்குள் 6 செ.மீ. அளவில் ஒரு நெறி ஸ்கேனில் தெரிகிறது. வெள்ளை அணு 1,40,000. '17பி இழப்பு' என்று ஒரு ரிப்போர்ட்டும் வந்திருக்கிறது. வெனிட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரையை ஆரம்பித்து, பிறகு ரிட்டுக்ஸிமாப் ஊசியும் சேர்க்கப் போவதாக டாக்டர் சொன்னார். "செல் சாவதைத் தடுக்கிற புரதத்தை இந்த மாத்திரை தடுக்கும்" என்று விளக்கினார். இரண்டு 'தடுக்கும்' வந்ததில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்பா, "அப்போ சாவுக்குத்தான் மருந்து கொடுக்கிறாங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நல்ல செல்களும் சேர்ந்து செத்துவிடாதா? வெறும் 20 மில்லிகிராம் மாத்திரைக்கு ஏன் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள்? சித்தப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். அவருக்கும் இதைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அப்பாவின் கேள்வியைத்தான். அவர் கேட்டது தப்பான கேள்வியே இல்லை. அதற்குச் சரியான பதில் கிடைத்தால் உங்களுடைய மற்ற சந்தேகங்களும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் உடம்பில் செல்கள் தினமும் கோடிக்கணக்கில் சாகின்றன. அது நோயினால் வரும் சாவு இல்லை. வேலை முடிந்த செல்லும், பழுதான செல்லும் தானாகவே ஒடுங்கி, துண்டாகி, பக்கத்துச் செல்களுக்குத் தொந்தரவு தராமல் போய்விடும். தாயின் வயிற்றில் குழந்தையின் கைவிரல்களுக்கு நடுவே சவ்வு மாதிரி சதை இருக்கும். அந்தச் செல்கள் இப்படிப் போவதால்தான் ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிகின்றன. 1972-ல் கெர், வைலி, கரி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு 'அப்பொப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலையும் இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நம் மொழியில் உதிரும் பூவுக்கு 'வீ' என்று தனிப் பெயரே இருக்கிறது. மரத்துக்குக் கேடு வந்ததால் பூ உதிர்வதில்லை, உதிர்வது அதன் முறை. அந்த மாதிரிச் சாவு இது.

உங்கள் அப்பாவின் நோய் என்னவென்றால், அவருடைய ஒரு வகை வெள்ளை அணுக்கள் உதிர மறுக்கின்றன. புற்றுநோய் என்றதும் செல்கள் தறிகெட்டுப் பெருகுவதைத்தான் எல்லோரும் நினைப்போம். சி.எல்.எல்.-இல் பெருக்கம் அவ்வளவு வேகம் கிடையாது. போக வேண்டியவை போகாமல் சேர்ந்துகொண்டே இருப்பதுதான் பெரிய தொல்லை. நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருக்க வேண்டிய எண்ணிக்கை 1,40,000 ஆனது அப்படித்தான். அந்தச் செல்களைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது பிசிஎல்-2 என்ற புரதம். மாத்திரை அதன் பிடியைத்தான் விடுவிக்கிறது. ஆகவே அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மருந்து உங்க சாவுக்கு இல்லப்பா, எப்பவோ உதிர்ந்திருக்க வேண்டிய அந்த அணுக்களோட சாவுக்கு."

சரி, அந்த இரண்டு 'தடுக்கும்'. அப்பா பஸ் ஓட்டியவர் என்பதால் பஸ்ஸை வைத்தே சொல்கிறேன்.

பிசிஎல்-2 புரதத்தின் மேல் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதை ஒரு சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் பழுதானால் 'பிம்' என்ற இன்னொரு புரதம் சாவுச் செய்தியை எடுத்துக்கொண்டு கிளம்பும். அது போய்ச் சேர வேண்டிய இடம் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பு. அங்கே பேக்ஸ், பேக் என்று இரண்டு புரதங்கள் காத்திருக்கும். செய்தி கிடைத்ததும் அவை மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் ஓட்டை போடும். உள்ளே இருக்கிற சைட்டோகுரோம்-சி வெளியே கசியும். அது காஸ்பேஸ் என்னும் நொதிகளை முடுக்கிவிடும், அவை செல்லை உள்ளிருந்தே வெட்டிப் போடும். ஓட்டை விழுந்துவிட்டால் அநேகமாகத் திரும்பி வர வழி கிடையாது.

சி.எல்.எல். செல்லில் என்ன ஆகிறது? பிம் கிளம்புகிறது, ஆனால் வழியிலேயே பிசிஎல்-2 அதைப் பிடித்துத் தன் சீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. செய்தி போய்ச் சேருவதில்லை. வெனிட்டோகிளாக்ஸ் மூலக்கூறை அந்தச் சீட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே வேலைதான். மாத்திரை சீட்டைப் பிடித்துக்கொள்ள, பிம் இறங்கித் தன் வழியே போகிறது. செல் சில மணி நேரத்தில் உதிர்கிறது.

நல்ல செல்கள் ஏன் தப்பிக்கின்றன என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. உங்கள் அப்பாவின் நோய்ச் செல்லில் பிசிஎல்-2 சீட்டுகள் பிம்மால் நிரம்பி வழிகின்றன. பல வகையில் கெட்டுப்போன செல் அது, சாவுச் செய்தி ஓயாமல் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. நலமாக இருக்கும் செல்லில் அந்தச் சீட்டுகள் பெரும்பாலும் காலி. காலிச் சீட்டில் துண்டு போட்டால் இறங்க யார் இருக்கிறார்கள்? மாத்திரை அங்கேயும் போய் உட்காரும், ஆனால் ஒன்றும் நடக்காது. பாஸ்டனில் ஆண்டனி லெட்டாய் குழுவினர் பல வருடம் இதை ஆராய்ந்தார்கள். ஒரு செல் சாவின் விளிம்பில் நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்று அளக்கும் சோதனையையே உருவாக்கினார்கள். தடுப்புப் புரதத்தைத் தடுப்பது விளிம்பில் நிற்கும் செல்லைத்தான் சாய்க்கும். இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்டவற்றில் மிக முக்கியமானது இதுதான் என்பேன்.

'நல்ல செல்லுக்கு ஒன்றுமே ஆகாது' என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாத்திரைக்கு முன் வந்த நாவிட்டோகிளாக்ஸ், பிசிஎல்-2-ஓடு அதன் உடன்பிறப்பான பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தின் சீட்டையும் பிடித்துக்கொண்டது. ரத்தத் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், உயிரோடு இருப்பதே அந்த உடன்பிறப்பின் தயவில்தான். மருந்து கொடுத்ததும் பிளேட்லெட் விழுந்தது. அதனால் வேதியியலாளர்கள் மூலக்கூறைத் திருத்தி, பிசிஎல்-2-ஐ மட்டும் பிடிக்கும்படி செய்தார்கள். அதுதான் வெனிட்டோகிளாக்ஸ். இதிலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு குறையலாம். கிருமிகளை எதிர்க்கும் முதல் வரிசை அது. ஆகவே காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். அவற்றைச் சமாளிக்க வழி இருக்கிறது.

அப்புறம் 17பி ரிப்போர்ட். 17-வது குரோமோசோமின் குட்டைப் பக்கத்தில் பி53 என்ற புரதத்துக்கான மரபணு இருக்கிறது. பழைய கீமோ மருந்துகள் செல்லின் டி.என்.ஏ.-வைச் சேதப்படுத்தும். அந்தச் சேதத்தைக் கவனித்து 'இனி நீ இருக்க வேண்டாம்' என்று உத்தரவு போடுவது பி53. அந்தப் பகுதியே தொலைந்துபோனால் சேதம் ஆகும், உத்தரவு வராது. அதே கீமோவை மறுபடி கொடுக்காமல் டாக்டர் மாத்திரைக்கு மாறியது அதனால்தான். வெனிட்டோகிளாக்ஸுக்கு அந்த உத்தரவு தேவையில்லை. அது வழியில் இன்னும் கீழே, சீட்டு இருக்கும் இடத்திலேயே வேலை செய்கிறது. 17பி இழப்புள்ள, திரும்பி வந்த சி.எல்.எல். நோயாளிகள் 107 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 85 பேருக்கு நோய் நன்றாகக் குறைந்தது. அந்த அடிப்படையில்தான் 2016 ஏப்ரலில் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது.

அதற்கு 28 வருடம் முன்பு, 1988-ல், மெல்பர்ன் நகரத்து வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வகத்தில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். வளர்ச்சிக்குத் தேவையான ஊட்டத்தை நிறுத்தினால் சாக வேண்டிய ரத்தச் செல்களுக்குள் பிசிஎல்-2 மரபணுவை நுழைத்தார்கள். செல்கள் பெருகவில்லை, ஆனால் சாகவும் இல்லை. புற்றுநோய் மரபணு என்றாலே பெருக்குவதுதான் அதன் வேலை என்று நம்பியிருந்த காலத்தில், 'இது பெருக்குவதில்லை, சாகவிடாமல் வைக்கிறது' என்று காட்டியது அந்தச் சோதனை. உங்கள் அப்பாவுக்குக் கொடுக்கப்போகும் மாத்திரையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இனி அட்மிஷன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,40,000 என்பது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் எண்ணிக்கை. உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். பெருக்கினால் 70 ஆயிரம் கோடி செல்கள். இது ரத்தத்தில் ஓடுபவை மட்டும்தான். நெறியிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருப்பவை தனி. அத்தனையும் சாவின் விளிம்பில் நிற்கின்றன. ஒரே நாளில் பெரும்பகுதி உதிர்ந்தால், செல்லுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். செல்லின் டி.என்.ஏ. சிதைந்து யூரிக் அமிலமாகும். சிறுநீரகம் அதைத் தாங்காது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறிவிடும். இதைக் கட்டி சிதைவு நோய்க்குறி என்பார்கள். ஆஸ்பத்திரியில் 'டி.எல்.எஸ்.' என்று சொல்வது காதில் விழும்.

இது ஏட்டளவில் சொல்லும் பயம் இல்லை. இந்த மருந்தை முதன்முதலில் வாங்கிக்கொண்ட மூன்று சி.எல்.எல். நோயாளிகளுக்கு ஒரே டோஸில், 24 மணி நேரத்துக்குள் கட்டி சிதைந்தது. அடுத்து வந்த ஆய்வில் அளவைக் கூட்டிப் பார்த்த கட்டத்தில் இருந்த 56 பேரில் மூன்று பேருக்கு உடல்நிலையே மோசமாகும் அளவுக்கு டி.எல்.எஸ். வந்தது. ஒருவர் இறந்தார். மருந்து வேலை செய்யாமல் போனதால் அல்ல, வேண்டிய அளவுக்கு மேல் வேகமாக வேலை செய்ததால் வந்த வினை. அதன்பின் கொடுக்கும் முறையை மாற்றினார்கள். அடுத்து வந்த 60 பேரில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. இன்றைக்கு முதல் வாரம் தினம் 20 மில்லிகிராம், பிறகு வாரத்துக்கு ஒரு படியாக 50, 100, 200, ஐந்தாம் வாரம் 400 என்று ஏற்றுகிறோம். அந்த '20' என்பது சின்ன டோஸ் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அது கதவை ஒரு விரற்கடை மட்டும் திறக்கிற டோஸ். லிம்போசைட், அதாவது உதிர மறுக்கும் அந்த வகை வெள்ளை அணுவின் எண்ணிக்கை 25,000-க்கு மேலும், நெறி 5 செ.மீ.-க்கு மேலும் இருந்தால் அதிக ஆபத்து என்று கணக்கு. அப்பாவுக்கு இரண்டும் இருக்கிறது. 20-இன் முதல் டோஸுக்கும் 50-இன் முதல் டோஸுக்கும் அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதுதான் சரி. உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார்.

என்னிடம் வந்த ஒரு பெரியவரின் நினைவு வருகிறது. கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி. சட்டையின் மேல் பட்டன் போட முடியாது. முதல் மாத்திரை போட்ட மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அவர் பட்டனைப் போட்டுக் காட்டினார், முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் முந்தின இரவு பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று லேப்பிலிருந்து போன் வந்து, நாங்கள் இரண்டு மணி வரை அவர் படுக்கைப் பக்கத்தில் நின்றிருந்தோம். நெறி கரைந்ததும் பொட்டாசியம் ஏறியதும் ஒரே காரணத்தால்தான். ஆஸ்பத்திரியில் இருந்ததால் அது ஒரு இரவோடு முடிந்தது.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தால் அப்பாவுக்குப் பயம் குறையும். மாத்திரைக்கு இரண்டு, மூன்று நாள் முன்பே யூரிக் அமிலத்தைக் குறைக்க அலோபியூரினால் தொடங்குவார்கள். தினமும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், தேவைப்பட்டால் டிரிப்ஸ். மாத்திரை போட்ட 6–8 மணி நேரத்திலும், 24 மணி நேரத்திலும் ரத்தம் எடுப்பார்கள். இரவில் எழுப்பி ஊசி போடுகிறார்களே என்று அவர் கோபப்படுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தண்ணீர் என்றதும் பாசத்தில் இளநீர் வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள். தஞ்சைப் பக்கம் தோப்பு இருக்கும், சொந்தக்காரர்கள் குலையோடு கொண்டு வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம். நாம் எதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அதையே தம்ளரில் ஊற்றிக் கொடுப்பது போலாகும். டோஸ் ஏற்றும் அந்த ஐந்து வாரமும் சாதாரணத் தண்ணீரே போதும்.

மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கு குறைந்துவிடும். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். போட்டபின் வாந்தி எடுத்தால் அன்றைக்கு இன்னொன்று போடக் கூடாது, மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போடலாம். நேரம் தவறினால் எட்டு மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம், அதைத் தாண்டிவிட்டால் அன்றைய டோஸை விட்டுவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து மெடிக்கல் கடையிலிருந்து வரும். வெனிட்டோகிளாக்ஸை உடம்பு கழிப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதியால். அந்த நொதியை முடக்கும் மருந்துகள் கூடச் சேர்ந்தால் 20 மில்லிகிராம் பல மடங்காக வேலை செய்யும். படர்தாமரைக்கு நம் ஊரில் டாக்டர் எழுதித் தராமலேயே வாங்கும் இட்ரகோனசோல் கேப்சூல் அப்படிப்பட்டது. கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். பி.பி.க்கோ இதயத்துக்கோ கொடுக்கும் டில்டியாசெம், வெரப்பமில் இருந்தால் டாக்டர் டோஸை மாற்றியாக வேண்டும். கிரேப்ஃப்ரூட், கசப்பு ஆரஞ்சு, நட்சத்திரப் பழம் வேண்டாம். பம்பளிமாசு கிரேப்ஃப்ரூட்டின் நெருங்கிய உறவு, அதையும் தள்ளி வைப்பது நல்லது. கஷாயம், லேகியம், சூரணம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். அப்பா இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அட்மிஷன் அன்று எடுத்துப் போங்கள். பெயரை எழுதிக் கொண்டுபோவதைவிட அது மேல்.

முழுக் குணமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். திரும்பி வந்த சி.எல்.எல். நோயாளிகள் 389 பேரிடம் நடந்த முரானோ ஆய்வில், இந்த மாத்திரையோடு ரிட்டுக்ஸிமாப் பெற்ற 17பி இழப்பு உள்ளவர்களில் 81.5 சதவீதம் பேருக்கு இரண்டு வருடம் வரை நோய் முற்றவில்லை. பழைய கீமோ பெற்றவர்களில் அது 27.8 சதவீதம்தான். இரண்டு வருடத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் அந்தத் திட்டம், வாழ்நாள் முழுக்க அல்ல. ஆனால் இது நோயை அடியோடு வேரறுக்கும் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். சில செல்கள் தப்பிக்க வழி தேடும். எம்சிஎல்-1, பிசிஎல்-எக்ஸ்எல் போன்ற வேறு தடுப்புப் புரதங்களை அதிகமாக உற்பத்தி செய்து, இறக்கிவிடப்பட்ட பிம்மை அந்தச் சீட்டுகளில் உட்கார வைத்துக்கொள்ளும். சிலருக்கு பிசிஎல்-2 சீட்டின் வடிவமே லேசாக மாறிவிடும். 2019-ல் மெல்பர்னிலிருந்துதான் இதையும் கண்டு சொன்னார்கள். மாத்திரை அதில் சரியாக ஒட்டாது, பிம் ஒட்டும். அப்படி வந்தால் வேறு வழியில் தாக்கும் மருந்துகள் இருக்கின்றன. எம்சிஎல்-1-ஐத் தடுக்கும் மருந்துகளை முயன்றபோது இதயத்துக்குப் பாதிப்பு தெரிந்து சில ஆய்வுகள் நின்றன. இதயத் தசையும் அந்தப் புரதத்தை நம்பித்தான் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு இது வேண்டாம். வாய்ப் புற்றுநோய்ச் செல் பொதுவாக பிசிஎல்-2 ஒன்றை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. அந்தச் சீட்டைப் பிடித்தாலும் அதற்கு வேறு சீட்டுகள் உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ஐஏபி என்னும் வேறு வகைத் தடுப்புப் புரதங்களைக் குறிவைத்தார்கள். அவை கடைசிக் கட்டத்தில் காஸ்பேஸ் நொதிகளின் கையைப் பிடித்து நிறுத்துபவை. அவற்றைத் தடுக்கும் செவினபன்ட் என்ற மருந்து 96 பேரிடம் செய்த ஆய்வில் நல்ல நம்பிக்கை தந்தது. நானும் ஆசையோடு எதிர்பார்த்தேன், நம் ஊரில் வாய்ப் புற்றுநோய் அவ்வளவு இருக்கிறதே. ஆனால் பெரிய அளவில் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில் பலன் கிடைக்காது என்று தெரிந்து 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். கதிர்வீச்சும் கீமோவும் கூடச் சேர்த்துக் கொடுத்தும் அந்தத் தடையை எடுத்தது மட்டும் போதவில்லை. சித்தப்பாவுக்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ என்று அவருடைய டாக்டர் போட்டுத் தரும் வரிசையில் நாள் தவறாமல் போவதுதான் இன்றைக்கு அவருக்குக் கைகொடுக்கும்.

அட்மிஷன் தேதி தெரிந்ததும் அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை நிரப்பி அப்பா கண்ணில் படும்படி வையுங்கள். ராத்திரி படுப்பதற்குள் இரண்டும் காலியாக வேண்டும். அவருக்கு இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ ஏற்கெனவே இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 400-க்கு வந்து ஒரு வாரம் ஆனதும் எனக்கு மறுபடி எழுதுங்கள். பொட்டாசியம், யூரிக் அமிலம், கிரியாட்டினின், வெள்ளை அணு நான்கும் இருக்கிற ரிப்போர்ட்டைச் சேர்த்து அனுப்பினால் போதும்.